கிட்டங்கியில் கிடந்த ஹெரால்டு

வற்றல், மல்லி, பருப்பு நிலவரத்தைப் பற்றியே நம் இதழில் எழுதி வந்த நான், இம்முறை ஒரு காரைப் பற்றி எழுதுகிறேன். "என்ன அண்ணாச்சி, கடையை மகனிடம் விட்டுவிட்டு மெக்கானிக் ஆகிவிட்டீர்களாமே?" என்று விருதுநகர் பஜாரில் கேட்காதவர் இல்லை. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதுவே பதில்.

வண்டி, என் தகப்பனார் 1974-ல் இரண்டாவது கையாக வாங்கிய 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டை, சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் செய்து விற்றார்கள். 948 சி.சி. இன்ஜின், இரண்டு கதவு. உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. இதே சேசிஸைச் சுருக்கி, இதே மிக்கெலாட்டியை வைத்து, இரண்டே பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் காராக ட்ரையம்ப் 1962-ல் வெளியிட்டதுதான் ஸ்பிட்ஃபயர். 1980 வரை 3 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். இரண்டும் ஒரே மாவில் ஊற்றிய இட்லியும் தோசையும் போலத்தான். 1976-ல் சரக்கு லாரியோடு கொத்தவால்சாவடி போன நான், மறுநாள் சோழவரம் விமானத் தளத்தில் நடந்த பந்தயத்தில் ஹெரால்டுகள் பறந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். ஊர் திரும்பியதும் அப்பாவின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் சாவியைத் தரவில்லை!

1988-ல் அந்த விபத்து நடந்தது. திருமங்கலம் பக்கம் ஒரு திருப்பத்தில் இடது முன் சக்கரம் அப்படியே உள்பக்கம் மடங்கி, வண்டி சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. அப்பாவுக்கு வலது கை முறிந்தது. "மெதுவாகத்தான் திருப்பினேன்" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அதற்கு நான்கு மாதம் முன்பு சர்வீஸ் செய்த பட்டறைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஐயா வேகமாக ஒடித்துத் திருப்பியிருக்கிறார்" என்று சொல்லிவிட்டார். அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா அதன் பிறகு எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை. வண்டியைப் பழுது பார்க்கவும் விடவில்லை. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கிட்டங்கி மூலையில் செங்கல் முட்டுக்கொடுத்து நிறுத்தினோம். அதன்மேல் வெற்றுச் சாக்குகளை அடுக்கினோம். அப்பா 1999-ல் காலமானார். அம்மா கடைசி வரை "அந்த வேகம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

2020 ஊரடங்கில் மதியத்தோடு கடையை அடைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் நானும் மகனும் சாக்குகளை இறக்கினோம். டாஷ்போர்டு அறையில் கம்பெனி கொடுத்த கைப்புத்தகம், எலி கடித்தது போக முக்கால்வாசி இருந்தது. மகன் அதை வாசித்து எனக்குச் சொன்னான்.

ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது ட்ரன்னியன் என்ற பித்தளைக் கூட்டுக்குள் நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை கூட்டுக்குள் சுழலும். அதற்குள் கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் கூடாது என்று புத்தகத்தில் இருந்தது. கிரீஸ் அடித்தால் அது இறுகிப்போய் மரையின் அடிவரை இறங்காது. தண்ணீர் தங்கித் துரு அரிக்கும். கடைசியில் தண்டு மரை இருக்கும் இடத்தில் ஒடியும், சக்கரம் மடங்கும்.

அப்போதே ஒடிந்த இடது பக்கத்தைக் கழற்றினோம். கூட்டுக்குள் மெழுகு போல் காய்ந்த கிரீஸ். தண்டு ஒடிந்த இடத்தில் முக்கால் பங்கு பழைய கறுத்த துரு. கால் பங்குதான் அன்று முறிந்தது. மகன் ஒன்றும் பேசவில்லை. நான் அந்தத் துண்டைத் துடைத்துக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். முப்பத்திரண்டு வருடம் அப்பாவைக் குறை சொல்லியிருக்கிறோம்.

வண்டியை ஓடவைப்பது என்று அன்றுதான் முடிவாயிற்று. ஹெரால்டின் உடல் சேசிஸோடு போல்ட் போட்டுப் பூட்டியது. இரண்டு துண்டாகக் கழலும். எங்கள் மூட்டை தூக்கும் ஆட்கள் எட்டுப் பேர் அதைத் தூக்கி வைத்துவிட்டார்கள். முன்பக்கம் பானெட்டும் மட்கார்டும் ஒன்றாகக் கவிழ்ந்து திறப்பதால், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். என் வயதுக்கு அது பெரிய சௌகரியம். துருப்பிடித்த சேசிஸ் கைகளை வெட்டி வெல்டிங் வைத்தோம். சிலிண்டர் வேலையை மதுரை லேத்துப் பட்டறையில் முடித்தோம். ட்ரன்னியனும் தண்டும் இங்கிலாந்திலிருந்து வந்தன. ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் அங்கே நிறைய இருப்பதால், இதற்கான பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மூன்று வருடத்தில் ரூ. 4 லட்சத்து 10 ஆயிரம் செலவு. தனிப் பேரேடு போட்டிருக்கிறேன். வட்டியைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் வீட்டம்மாவுக்குப் பதில் சொல்ல முடியாது.

மகனுக்கோ, இதை ஸ்பிட்ஃபயர் ஆக்கிவிட வேண்டும் என்று ஆசை. "அப்பா, புது மாருதி இன்ஜின் வைத்தால் ஜிவ்வென்று போகும்" என்றான். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. சட்டம் என் பக்கம் இருந்தது. 2021-ல் வந்த பழைய வாகன விதிப்படி, 50 வருடம் கடந்த வண்டி சேசிஸ், உடல், இன்ஜினில் பெரிய மாற்றமில்லாமல் இருந்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். முன்பே பதிவான வண்டி பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். இந்தப் பதிவில் வியாபார உபயோகம் கிடையாது. கடைத் திறப்பு விழாவுக்கு விளம்பர போர்டு கட்டி ஊர்வலம் விடக் கேட்ட நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

கழற்றி மறுபடி மாட்டக்கூடிய மாற்றங்களுக்கு மட்டும் நான் சம்மதித்தேன். முன் சக்கரத்துக்கு ஸ்பிட்ஃபயரின் டிஸ்க் பிரேக் போல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டது. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். இவற்றை எழுத்திலும் தெரிவித்துவிட்டோம். கழற்றிய டிரம்முக்கும் டைனமோவுக்கும் எண்ணெய் தடவி, சீட்டு எழுதிக் கட்டிச் சாக்கில் வைத்திருக்கிறேன். பின் சக்கர விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். கம்பெனியே 1970-ல் வந்த ஸ்பிட்ஃபயரில் பின்பக்க வில்லை மாற்றித்தான் அதைச் சரிசெய்தது. நாங்கள் இன்னும் மாற்றவில்லை. அதனால் வளைவில் மகனை ஓட்ட விடுவதில்லை.

மகன் வாங்கிய இரட்டைக் கார்புரேட்டர் பெட்டியைப் பிரிக்காமல் கிட்டங்கியில் இருக்கிறது. ட்ரன்னியனுக்குக் கியர் ஆயில் விட்ட தேதியை வரவுக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வருகிறேன். போன மாதம் திருமங்கலம் வரை போய் வந்தோம். அந்தத் திருப்பத்தில் ஐந்து நிமிஷம் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கிளம்பினேன்.