சந்தை இடர் மதிப்பீட்டில் கார்ச் மாதிரியின் பயனும் எல்லையும்

நிதிச் சந்தையின் ஏற்ற இறக்கம் எல்லா நாள்களிலும் ஒரே அளவினதாக இருப்பதில்லை. பெரிய விலை மாற்றங்களைப் பெரிய மாற்றங்களே தொடரும் போக்கினைப் பருத்தி விலைகளை ஆராய்ந்த மாண்டல்பிராட் 1963இல் சுட்டினார். இத்திரட்சியை அளவிட ராபர்ட் எங்கிள் 1982இல் 'ஆர்ச்' மாதிரியை வகுத்தார். டிம் பொலர்ஸ்லெவ் 1986இல் அதனைக் 'கார்ச்' மாதிரியாக விரிவாக்கினார்.

கார்ச் மாதிரி நாளைய விலக்க வர்க்கச் சராசரியை மூன்று கூறுகளின் கூட்டலாகக் கணிக்கிறது. அவை ஒரு மாறிலி, இன்றைய எதிர்பாரா மாற்றத்தின் வர்க்கம், இன்றைக்கெனக் கணித்திருந்த விலக்க வர்க்கச் சராசரி என்பன. எடுத்துக்காட்டாக, மாறிலி 0.02, பிற இரண்டின் கெழுக்கள் முறையே 0.08, 0.90, இன்றைக்கெனக் கணித்த திட்ட விலக்கம் 1 விழுக்காடு எனக் கொள்வோம். சந்தை இன்று எதிர்பாராது 5 விழுக்காடு வீழ்ந்தால், நாளைய மதிப்பு 0.02 + 2.00 + 0.90 = 2.92, திட்ட விலக்கம் 1.71 விழுக்காடு. இயல்நிலைப் பரவலையும் 99 விழுக்காட்டு நம்பிக்கை மட்டத்தையும் கொண்டால், 1 கோடி ரூபாய் முதலீட்டின் ஒருநாள் இழப்பு வரம்பு 2.33 லட்சத்திலிருந்து 3.98 லட்சமாக உயரும்.

ஆயின், வீழ்ச்சி நாளில் நேர்ந்த இழப்பு 5 லட்சம். அன்றைக்கு வகுத்திருந்த வரம்போ 2.33 லட்சமே. அதிர்ச்சியின் தொடர்ச்சியை மாதிரி அளக்கிறது. அதன் தொடக்கத்தை முன்னறிவதில்லை. 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் குறியீடு 22.6 விழுக்காடு சரிந்தமை இதற்குச் சான்று. ஆகவே, 250 வணிக நாள்களில் வரம்பு மீறப்பட்ட நாள்கள் எதிர்பார்க்கப்படும் 2.5 என்னும் சராசரியை எவ்வளவு விஞ்சுகின்றன எனப் பின்னோக்கிச் சோதிப்பதும், கடும் வீழ்ச்சிகளைத் தனியே கருதிப் பார்ப்பதும் இன்றியமையாதன.