உங்களுக்குத் தெரியுமா? மரப்பட்டைத் தோணி காத்த ஊர்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், முரம்பிட்ஜி ஆற்றங்கரையில் இருக்கிறது கண்டகாய் என்ற சிற்றூர். ஆற்றையொட்டிய தாழ்நிலத்தில் வீடு கட்ட வேண்டாம் என்று அங்குள்ள விராஜுரி பழங்குடியினர் எச்சரித்தும், வெள்ளைக் குடியேறிகள் கேட்கவில்லை.

1852 ஜூன் மாத இறுதியில் நள்ளிரவு வெள்ளம் ஊரையே வாரிக்கொண்டு போனது. சுமார் 250 பேர் வாழ்ந்த இடத்தில் ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். கூரைகளிலும் மரக்கிளைகளிலும் தொற்றிக்கொண்டு தவித்தவர்களை மீட்கப் புறப்பட்டார் விராஜுரி இனத்தவரான யாரி. ஓரிருவர் மட்டுமே ஏறக்கூடிய மரப்பட்டைத் தோணியில், சுழித்தோடும் வெள்ளத்தில் மீண்டும் மீண்டும் போய்வந்தார். ஜாக்கி ஜாக்கி என்பவர் படகில் சென்று உதவினார். இவர்கள் கரைசேர்த்தவர்கள் ஏறத்தாழ 69 பேர் என்கிறது ஊர் வரலாறு.

பிறகு ஊர் மேட்டுநிலத்துக்கு இடம்பெயர்ந்தது. மீட்பு வீரர்களுக்கு அன்று கிடைத்தது மார்பில் அணியும் பட்டயம். யாரிக்கும் ஜாக்கி ஜாக்கிக்கும் ஊர் நடுவே வெண்கலச் சிலை எழுந்தது 2017இல்தான், அதாவது 165 ஆண்டுகள் கழித்து!