திரௌபதை கேட்ட கேள்வி

தையல் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருந்த சகோதரி ஒருவர் வரவில்லை. விசாரித்தபோது, "புருஷனை இழந்தவள் வாசல் தாண்டுவது தர்மமில்லை" என்று உறவினர் மறித்துவிட்டார்களாம்.

தர்மம் என்றதும் எம்மில் பலருக்குக் கோயில் வாசலில் போடும் காசுதான் நினைவுக்கு வரும். சமஸ்கிருதத்தில் அச்சொல் 'த்ரு' என்ற வேரிலிருந்து பிறந்தது. தாங்குதல், நிலைநிறுத்துதல் என்பது அதன் பொருள். வாழ்வைச் சரியவிடாமல் தாங்குவதே தர்மம். அப்படியானால் பிள்ளைகளுக்காக உழைக்கப் புறப்படுபவளை மறிப்பது எதில் சேரும்?

பெண்ணை இளமையில் தந்தையும், பின்னர் கணவனும், முதுமையில் மகனும் காக்க வேண்டும். அவள் தனித்து இயங்கலாகாது என்கிறது மனுஸ்மிருதி. மூவரையும் போரில் பறிகொடுத்த பெண்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த நூல் என்ன வழி சொல்லும்?

கிழக்கே பாண்டிருப்பில் தீமிதித்து வணங்கப்படும் திரௌபதையும் சபையில் கேள்வி கேட்டவள்தான். சூதாட்டத்தில் முதலில் தம்மையே தோற்றுவிட்ட தருமருக்கு, அதன்பின் என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்றாள். தர்மம் மிக நுட்பமானது, தீர்த்துச் சொல்ல இயலவில்லை என்றார் பீஷ்மர். அத்தனை படித்தவருக்கே அந்த நிலை! கௌரவர்களுள் இளையவனான விகர்ணன்தான் அவள் பக்கம் பேசினான்.

பின்பு திருதராஷ்டிரன் வரம் கொடுத்தான். முதல் வரத்தால் தருமரையும், இரண்டாவதால் மற்றைய நால்வரையும் அடிமைத்தனத்திலிருந்து அவள் மீட்டாள். மூன்றாவது வரத்தை வேண்டாம் என்று மறுத்துவிட்டாள். விடுபட்டவர்கள் இனித் தங்கள் முயற்சியால் பிழைத்துக்கொள்வார்கள் என்றாள்.