பூச்சி மருந்தும் இணையப் பதிவேடும்

1958ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நஞ்சு கலந்த உணவை உண்டு நூற்றுக்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். அவ்வுணவுப் பொருளில் கலந்திருந்தது பரத்தியான் என்னும் பூச்சி மருந்து. இக்கொடுமையைப் பற்றி ஆராய நீதிபதி ஜே. சி. ஷா அவர்கள் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. அதன் பின்னரே பூச்சி மருந்துகளுக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, 1968ஆம் ஆண்டில் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. இன்று நாம் கடையில் வாங்கும் ஒவ்வொரு புட்டிக்கும் பின்னால் இச்சட்டம் நிற்கிறது.

இச்சட்டப்படி, மத்திய அரசாங்கத்தின் பதிவுக் குழுவிடம் பதிவு பெறாத எந்தப் பூச்சி மருந்தையும் நம் நாட்டில் விற்கக் கூடாது. இது பலருக்கும் தெரிந்ததே. ஆனால் பதிவு என்பது பொதுவான உத்தரவு அன்று என்பதைக் குடியானவர்களில் மிகச் சிலரே அறிவர். இன்ன பயிரில், இன்ன பூச்சிக்கு, இன்ன அளவில், இத்தனை நீரில் கலந்து தெளிக்கலாம் என்று வரையறுத்தே பதிவுக் குழு அனுமதி தருகிறது. பருத்திக்கு அனுமதி பெற்ற மருந்து கத்தரிக்கும் அனுமதி பெற்றது என்று கொள்வதற்கில்லை. மருந்து நல்லதா, கெட்டதா என்று கேட்பதைவிட, என் பயிருக்கு இம்மருந்து பதிவாகியுள்ளதா என்று கேட்பதே முறை.

இக்கேள்விக்கு விடை முன்பெல்லாம் அலுவலகக் கோப்புகளில் கிடந்தது. இப்பொழுது அது இணையத்தில் இருக்கிறது. ஹரியானா மாநிலத்துப் பரீதாபாத்தில் உள்ள மத்தியப் பயிர்ப் பாதுகாப்பு இயக்ககத்தின் இணையதளத்தில், பதிவுக் குழுவின் பட்டியல்கள் யாவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளன. கைப்பேசி உள்ள எவரும் கட்டணமின்றி இவற்றைப் பார்க்கலாம். பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருப்பது ஒரு குறையே. ஆயினும் அவை பெரும்பாலும் பெயர்களும் எண்களுமாகவே இருப்பதால், உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மகனோ மகளோ வீட்டில் இருந்தால் போதும், படித்துச் சொல்லிவிடுவார்கள்.

தேடுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைக்காரர் சொல்வது கம்பெனி வைத்த வணிகப் பெயர். பட்டியலில் இருப்பதோ மருந்தின் பொதுப் பெயர். புட்டியின் மேல் வணிகப் பெயர் பெரிய எழுத்திலும், பொதுப் பெயர் அதனடியில் சிறிய எழுத்திலும் இருக்கும். பொதுப் பெயருடன் ஒரு விழுக்காட்டு எண்ணும், இ.சி., எஸ்.எல்., எஸ்.ஜி. போன்ற எழுத்துக்களும் காணப்படும். மருந்து நீர்மமா, குருணையா, எவ்வளவு வீரியம் உள்ளது என்பதை இவை காட்டுகின்றன. இம்மூன்றையும் சேர்த்தே தேட வேண்டும். ஒரே பொதுப் பெயர் கொண்ட மருந்து பற்பல வணிகப் பெயர்களில் விற்கப்படுகிறது. ஒன்று கேட்கவில்லை என்று வேறொன்றை வாங்கிப் பணத்தைச் செலவிட்டவர், முதலில் அடித்த மருந்தையே மறுபடியும் அடித்திருக்கக் கூடும்!

பட்டியலில் ஒவ்வொரு மருந்தின் கீழும் பயிர், பூச்சி, எக்டேருக்கு வேண்டிய மூல நஞ்சின் அளவு, கடையில் வாங்கும் மருந்தின் அளவு, கலக்க வேண்டிய நீர், காத்திருப்பு நாட்கள் என்று வரிசையாகப் பத்திகள் உள்ளன. எமாமெக்டின் பென்சோயேட் 5 விழுக்காடு எஸ்.ஜி. என்ற குருணை மருந்தை உதாரணமாகக் கொள்வோம். கத்தரியில் தண்டு, காய்த் துளைப்பானுக்கு எக்டேருக்கு 200 கிராம் மருந்தை 500 லிட்டர் நீரில் கலந்து தெளிக்க வேண்டும். காத்திருப்பு 3 நாட்கள். வெண்டையில் அதே வகைத் துளைப்பானுக்கு 135 முதல் 170 கிராம் போதும். ஆனால் காத்திருப்பு 5 நாட்கள். துவரையில் காய்ப் புழுவுக்கு 220 கிராம்; காத்திருப்போ 14 நாட்கள்.

மருந்து ஒன்று, பயிருக்குப் பயிர் நாட்கள் வேறு. காத்திருப்பு நாட்கள் என்பது கடைசியாக மருந்தடித்த நாளுக்கும் காய் பறிக்கும் நாளுக்கும் இடையே கழிய வேண்டிய காலம். அக்காலத்தில் வெயிலாலும் செடியின் வளர்ச்சியாலும் நஞ்சு சிதைந்து, உண்ணத்தக்க அளவுக்குக் குறைகிறது. காலையில் சந்தைக்குப் போக வேண்டிய காய்க்கு முதல்நாள் மாலை மருந்தடிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அக்காயை வாங்கிச் செல்லும் தாய்க்கு இது தெரியாது. அவள் கழுவுவதால் மட்டும் நஞ்சு முழுதும் நீங்கிவிடாது. பட்டியலில் உள்ள அந்தக் கடைசிப் பத்திதான், என் கருத்தில், எல்லாவற்றிலும் முக்கியமானது.

கணக்கு எளியதே. கத்தரிக்குச் சொன்ன 200 கிராமை 500 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 0.4 கிராம் ஆகிறது. பத்து லிட்டர் தெளிப்பானுக்கு 4 கிராம். ஓர் எக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் ஆதலால், ஏக்கருக்கு 80 கிராமும் 200 லிட்டர் நீரும் வேண்டும். மூடி அளவில் குத்துமதிப்பாக ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட இந்த ஒரு கணக்கே போதும். அளவு கூடினால் பூச்சி விரைவில் சாகும் என்பது வீண் நம்பிக்கை. பணம் விரயமாவதுடன், எஞ்சும் நஞ்சும் கூடுகிறது.

இணையப் பட்டியலுக்கு அச்சுப் புத்தகத்தைவிட ஒரு மேன்மை உண்டு. அரசாங்கத்தின் உத்தரவு மாறும்போது அதுவும் மாற்றப்படுகிறது. மோனோகுரோட்டோபாஸ் என்ற மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்துவது 2005ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. எனினும் அது வேறு பயிர்களுக்கென விற்கப்பட்டே வந்தது. 2013ஆம் ஆண்டு ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது பின்னர் நடந்த சோதனையில் வெளிப்பட்டது. 2023ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் அதன் 36 விழுக்காடு எஸ்.எல். வடிவத்தையும் நிறுத்த உத்தரவிட்டது. அதே உத்தரவில், நெடுங்காலமாக வீட்டுக்கு வீடு பழகிய மாலத்தியானைக் கத்தரி, வெண்டை, தக்காளி, காலிபிளவர், மா முதலிய பயிர்களில் தெளிப்பதும் நிறுத்தப்பட்டது. அப்பா காலத்திலிருந்து அடித்து வருகிறோம் என்பது இங்கே செல்லாது. ஆகவே பட்டியலைத் திறந்ததும் அதன் தலைப்பில் உள்ள தேதியை முதலில் பார்க்க வேண்டும். யாரோ கைப்பேசியில் அனுப்பிய பழைய பிரதியை நம்புவதைவிட, இணையதளத்திலிருந்து நேரே எடுப்பதே நன்று. தடை செய்யப்பட்டவற்றுக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டவற்றுக்கும் தனிப் பட்டியல் உண்டு. அதையும் உடன் பார்ப்பது அவசியம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு வேறொரு வகைப் பதிவேடும் பயன்படும். இங்கிலாந்தில் ஹெர்ட்போர்ட்ஷயர் பல்கலைக்கழகம் நடத்தும் பூச்சி மருந்துக் குணங்களின் தரவுத்தளத்தில், ஒரு மருந்து மண்ணில் எத்தனை நாள் தங்கும், நிலத்தடி நீருக்கு இறங்குமா, மீனுக்கும் தேனீக்கும் எவ்வளவு கேடு செய்யும் என்ற விவரங்கள் கிடைக்கும். சைபர்மெத்ரின் மீன்களுக்குக் கொடிய நஞ்சு என்று அதில் கண்டவர், ஏரிக்கரையில் தெளிப்பானைக் கழுவ ஒப்பமாட்டார். பெரம்பலூர் போன்ற மக்காச்சோள வட்டாரங்களில் களைக்கொல்லியாகப் பயன்படும் அட்ரசின் மற்றோர் உதாரணம். நிலத்தடி நீரில் அது கலப்பதைக் கண்டு ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டில் அதற்கு அனுமதி மறுத்தது. நம் நாட்டில் அது மக்காச்சோளத்துக்குப் பதிவு பெற்ற மருந்து. இதனால் வெளிநாட்டுப் பதிவேட்டைப் பார்த்து இங்கே சட்டம் பேசக் கூடாது என்பதும், குடிநீர்க் கிணற்றை ஒட்டிய நிலங்களில் எச்சரிக்கை வேண்டும் என்பதும் ஒருங்கே விளங்கும். குணத்தை அறிய அந்தத் தரவுத்தளம். அனுமதியை அறிய நம் பதிவுக் குழுவின் பட்டியல்.

தமிழிலேயே படிக்க விரும்புவோருக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம் இருக்கிறது. பூச்சியின் படத்தைப் பார்த்து அடையாளம் காணவும், மருந்தில்லாத முறைகளை அறியவும் அது உதவும். துளைப்பான் தாக்கிய நுனித் தண்டைக் கிள்ளி எறிவதும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் போதுமானால், பட்டியலைத் தேடும் வேலையே இல்லை. சந்தேகம் நேர்ந்தால் 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

பஞ்சாயத்து செய்யக் கூடியது பெரிய காரியம் அன்று. ஊரில் அதிகம் பயிராகும் நான்கைந்து பயிர்களுக்கு உரிய மருந்து, அளவு, காத்திருப்பு நாட்கள் ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்து, வேளாண்மை உதவி அலுவலரிடம் காட்டிச் சரிபார்த்து, தேதியிட்டு, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் தமிழில் எழுதி வைக்கலாம். பருவத்துக்கு ஒரு முறை திருத்த வேண்டும். திருத்தாத பலகை இல்லாத பலகையைவிடக் கெடுதல்.

தெளிப்பவரின் உயிரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் பலர் நஞ்சேறி மாண்டனர். தெளிப்பவர் பெரும்பாலும் கூலிக்கு வந்தவர். புட்டியை அவர் பார்ப்பதேயில்லை. புட்டியின் மேல் உள்ள முக்கோணத்தின் நிறத்தையாவது அவருக்குக் காட்ட வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. பச்சையும் நஞ்சே. மயக்கம், வாந்தி, கண் பாவை சுருங்குதல், வாயில் நீர் வடிதல் கண்டால் உடனே வேலையை நிறுத்தி, நஞ்சு நனைந்த உடையைக் களைந்து, சோப்பு நீரால் உடலைக் கழுவி, 108 வண்டியை அழைக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போகும்போது புட்டியையோ அதன் சீட்டையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். முறிவு மருந்து மருந்துக்கு மருந்து வேறுபடும். பாஸ்பரஸ் வகை மருந்துகளுக்கு அட்ரோபின் கொடுப்பார்கள், வேறு சிலவற்றுக்கு முறிவே கிடையாது. அந்தச் சீட்டில் உள்ள பொதுப் பெயரைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.