நூல் சொல்லும் சேதி

குண்டா இருக்கிறவங்களை “பூசணிக்கா”ன்னு கேலி பண்றோம். தப்பு! கவனிக்க வேண்டியது உருவத்தை அல்ல, ரத்தத்தை.

கலர், ஸ்வீட், போண்டா என்று அளவுக்கு மீறித் தின்றால், மிஞ்சியதைக் கல்லீரல் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக்கி ரத்தத்தில் விடும். 100 மில்லிக்கு 130 மில்லிகிராமைத் தொட்டால் நம் வயதுக்கு அதிகம். 2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10-19 வயதினரில் 100க்கு 16 பேருக்கு அப்படி இருந்தது. இப்போது வலிக்காது, பின்னாளில் சர்க்கரை நோய், மாரடைப்பு வரலாம்.

சின்ன சோதனை: உங்கள் உயரத்துக்கு நூல் எடுத்து இரண்டாக மடியுங்கள். தொப்புளுக்கு நேராக இடுப்பைச் சுற்றுங்கள். எட்டவில்லையா? உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கலருக்குப் பதில் மோர். தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடுவோம். விளையாட்டு பீரியடில் “நீ வேணாம்”னு யாரையும் ஒதுக்காமல், எல்லாரையும் சேர்த்துக்கொள்வோம்!