முற்றத்தில் ஒரு பாத்தி செவ்வந்தி

அடுத்த போகத்தில் எங்கே இருப்போம் என்று தெரியாத குடும்பத்துக்குப் பூங்கன்று எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. மாவும் பலாவும் நட்டால் பயன்பெறப் பல ஆண்டுகள் செல்லும். பிறர் காணியில் அவற்றை நட நாம் தயங்குகிறோம். செவ்வந்தியோ இரண்டு மாதங்களில் பூக்கும். புறப்பட நேர்ந்தால் அதன் விதையை ஒரு சீலை முடிச்சில் கொண்டு போய்விடலாம்.

விதைப் பைக்கற்றுகளில் 'மரிகோல்ட்' என்று காணப்படும் மஞ்சள், செம்மஞ்சள் நிறப் பூவையே இங்கு குறிப்பிடுகிறோம். மெக்சிக்கோ பகுதியிலிருந்து வந்த இச்செடி நமது வெயிலை நன்கு தாங்கும்.

நாற்று

வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழை ஓய்ந்தபின், தை மாதத்தில் விதைப்பது நல்லது. மண்ணும் உக்கிய மாட்டெருவும் கலந்து, அடியில் துளையிட்ட பழைய தகரத்திலோ பொலித்தீன் பையிலோ நிரப்புங்கள். விதையை மேலாகத் தூவி, கால் அங்குல மண்ணால் மூடுங்கள். ஒரு கிழமைக்குள் முளைக்கும். மூன்று, நான்கு கிழமைகளில், மாலை வேளையில் பிடுங்கி நடலாம். குட்டை இனத்துக்கு ஓரடி, உயர்ந்த இனத்துக்கு ஒன்றரை அடி இடைவெளி வேண்டும்.

பராமரிப்பு

நாள் முழுதும் வெயில் படும் இடமே ஏற்றது. நீரை அடியில் ஊற்றுங்கள். தேங்க விட்டால் வேர் அழுகும். கிணறு தூரமானால், பாத்திரம் கழுவிய சவர்க்காரமற்ற நீரும் போதும். யூரியா அதிகம் இட்டால் இலைதான் செழிக்கும், பூ குறையும். கன்று அரையடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் விட்டு நிறையப் பூக்கும். கடும் கோடையில் இலையின் கீழ் சிற்றுண்ணிகள் சேர்ந்தால், அங்கே நீரை வேகமாகத் தெளித்துக் கழுவுங்கள்.

மண்ணுக்கும் மருந்து

கத்தரி, தக்காளி, மிளகாய்ச் செடிகள் காரணமின்றி வாடினால் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது வட்டப்புழுவின் வேலை. செவ்வந்தி வேரில் உள்ள ஒரு பொருள் இப்புழுக்களைக் கொல்ல வல்லது. ஆனால் மிளகாய்க்கு இடையில் நாலைந்து கன்று நட்டால் பெரும் பயன் கிடையாது. பாதிக்கப்பட்ட பாத்தி முழுவதிலும் ஏழு அங்குல இடைவெளியில் நெருக்கமாக நட்டு, களை இல்லாமல் இரண்டு, மூன்று மாதம் வளர்க்க வேண்டும். களையின் வேரிலும் புழு வாழும் என்பதை மறக்கலாகாது. பின்னர் செடிகளை வெட்டி மண்ணில் புதைத்துவிட்டுப் பயிரை நடலாம். நீண்டகாலம் தரிசாய்க் கிடந்த சொந்தக் காணிக்குத் திரும்புவோரும் வேர்களைப் பார்த்து இம்முறையைக் கையாளலாம்.

விதை

பூ செடியிலேயே காயட்டும். உள்ளே கறுத்த ஊசி போன்ற விதைகள் இருக்கும். மூன்று நாள் நிழலில் உலர்த்தி, ஈரமற்ற போத்தலில் இட்டு மூடுங்கள். கலப்பின விதையிலிருந்து வந்த செடியின் விதை தாயைப் போல் பூக்காது என்பதால், நாட்டு இனத்தையே தேர்ந்தெடுங்கள்.

கோயில் திருவிழாக் காலங்களில் மாலைக்கு இப்பூ விலைபோகும். அருகில் பூ வாங்குவோரை முதலில் விசாரித்துவிட்டு நடுவது புத்தி. காணிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சேர்த்த விதையில் ஒரு பிடியைப் பக்கத்துக் கொட்டிலுக்கும் கொடுங்கள். நமது செடி பட்டுப்போனாலும் விதை ஊருக்குள் இருக்கும்.