தட்டிப் பார்த்து வாங்க முடியாத பொருள்

பீங்கான் வேலை தெரிந்தவர் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்தால், விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டுத்தான் பேசவே தொடங்குவார். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்திருக்கிறது. மொத்தென்று அடங்கினால் வேகவில்லை, இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று ஓடியிருக்கிறது. கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் இந்தத் தொழிலால் பெயர் பெற்ற ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசு நிறுவனமும் அங்கே உண்டு. கொலுவில் உட்காரும் பொம்மையிலிருந்து மின் பெட்டியில் இருக்கும் வெள்ளை ப்யூஸ் கேரியர் வரை அங்கிருந்து வருகின்றன. தட்டிப் பார்க்கும் பழக்கம் பட்டறையோடு நிற்கவில்லை. சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டியும் இதைத்தான் செய்கிறார்.

அதே ஊரின் செல்போன் கடையில் ஆயிரம் ரூபாய்க்கும் இரண்டாயிரத்துக்கும் இயர்பட்ஸ் வாங்கும்போது மட்டும் இந்தக் காதை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம். அட்டைப்பெட்டி மேல் அச்சிட்ட எண்களைப் படித்து முடிவு செய்கிறோம். கேட்பதற்காகவே செய்த ஒரு பொருளைக் கேட்காமல் வாங்குவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. கொஞ்சம் விஷயம் தெரிந்தால் இந்தப் பொருளையும் காதாலேயே எடைபோடலாம்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பொட்டு அளவு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, அதன் பின்னால் தலைமுடி போன்ற செம்புக் கம்பிச் சுருள், நடுவில் நியோடிமியம் காந்தம். சுருளில் மின்சாரம் மாறி மாறி ஓட, காந்தம் அதை இழுக்கவும் தள்ளவும் செய்ய, சவ்வு அசைந்து காற்றை அசைக்கிறது. நியோடிமியம் காந்தம் 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உருவானது. அத்தனை சிறிய உருவில் அத்தனை வலுவான காந்தம் கிடைத்ததால்தான் காதுக்குள் அடங்கும் ஒலிபெருக்கி இவ்வளவு மலிவானது. பக்கத்திலேயே ப்ளூடூத் சிப், பேட்டரி, மைக். சுற்றுப்பலகையில் கடுகைவிடச் சிறிய செங்கல் நிறத் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அவை பீங்கான் மின்தேக்கிகள். பேரியம் டைட்டனேட் என்ற பொடியை அடுக்கடுக்காக வைத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு எடுப்பது. விருத்தாசலத்துச் சூளைக்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு; மண்ணை நெருப்பில் இறுக்கும் வித்தை ஒன்றே.

இங்கே ஒரு தலைகீழ் இருக்கிறது. கோப்பை கணீரென்று நீண்டு ஒலிக்கக் காரணம், நன்கு இறுகிய உடலுக்குள் அதிர்வு வீணாகாமல் சுற்றிச் சுற்றி வருவது. கீறல் இருந்தால் அதன் இரு முகங்களும் உரசி அதிர்வைத் தின்றுவிடும். கோப்பைக்கு நல்லதான அந்தக் குணம் இயர்பட்ஸுக்குப் பெரிய கேடு. சவ்வுக்கென்று சொந்தக் குரல் இருக்கக் கூடாது. மிருதங்கத்தின் ஒலி அடங்கிய கணத்தில் சவ்வும் நிற்க வேண்டும். நிற்காமல் தன் போக்கில் இழுத்துக்கொண்டிருந்தால் அடுத்தடுத்த சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மொத்தமாகக் குழம்பும். அதை அடக்கத்தான் கூட்டில் ஊசித்துளைகள் விடுகிறார்கள், குழாய் வாயில் மெல்லிய வலை ஒட்டுகிறார்கள். வலை எவ்வளவு அடர்த்தி, துளை எவ்வளவு அகலம் என்பதை யாரோ ஒருவர் பொறுமையாகக் கேட்டும் அளந்தும் முடிவு செய்திருக்க வேண்டும். வலையின் விலை அற்பம். அந்தப் பொறுமைதான் பொருளின் தரம்.

காதுக்குழாயையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதன் நீளம் சுமார் 2.5 செ.மீ. ஒரு முனை திறந்து மறுமுனை செவிப்பறையால் மூடிய இந்தக் குழாய் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளைத் தானாகவே உயர்த்திக் கொடுக்கும். பேச்சின் தெளிவு பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ரப்பர் முனையைச் செருகி வாயை அடைத்ததும் அந்த இயற்கை உயர்வு கலைந்துவிடுகிறது. அதை இயர்போன் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். குறைவாகக் கொடுத்தால் பாடகரின் குரல் பின்வாங்கி வாத்தியங்களுக்குள் ஒளியும். மிகையாகக் கொடுத்தால் அரை மணியில் தலைவலி. மலிவுப் பொருள்களில் பேஸைத் தூக்கி வைத்து இந்தப் பகுதியைத் தவறவிடுவதுதான் அடிக்கடி காணும் கோளாறு. கடையில் முதல் பத்து நொடிக்குப் பேஸ் மயக்கும், ஒரு வாரத்தில் சலிக்கும்.

இந்தச் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பு உண்டா? ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்போன்களையும் இயர்போன்களையும் அளந்து 2017-ல் முடிவை வெளியிட்டார். அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஒலி எப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கும் கடை விலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதே அவர் கண்டது. மலிவானதெல்லாம் நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. விலைச்சீட்டைப் பார்த்து ஒலியை ஊகிக்க முடியாது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்காரருக்கு இதைவிட நல்ல செய்தி வேறு என்ன வேண்டும்!

சரி, எப்படிக் கேட்பது? பாட்டைப் போடுவதற்கு முன்னால் ரப்பர் முனையைச் சரிபார்க்க வேண்டும். பெட்டியில் வழக்கமாகச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று இணை இருக்கும். பெரும்பாலோர் மாட்டி வந்ததைக் கழற்றுவதே இல்லை. அடைப்பு சரியாக விழாவிட்டால் காற்று கசிந்து கீழ்ஸ்தாயி முழுக்க வெளியே போய்விடும். எவ்வளவு விலை உயர்ந்த பொருளும் தகர டப்பா போல் கேட்கும். பாட்டு ஓடும்போது இரண்டையும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் முனை சிறியது என்று பொருள். இடக்காதும் வலக்காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒன்றுக்கு நடுத்தரமும் மற்றதற்குப் பெரியதும் போடலாம்.

இரண்டு இயர்பட்ஸை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைப்பது முக்கியம். சற்றே உரக்கக் கேட்பது எப்போதும் சற்றே நன்றாகத் தோன்றும். காரணம், ஒலி குறையும்போது நம் காது அடிநாதத்தையும் உச்ச நாதத்தையும் அதிகமாக இழக்கிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் இதை 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

எதைப் போட்டுக் கேட்பது என்பதில் என் பரிந்துரை மிருதங்கம். வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் எழும் மேல்நாதங்கள் ஒன்றுக்கொன்று ஒழுங்கான விகிதத்தில் நிற்பதில்லை. அதனால் பெரும்பாலான கொட்டுகளுக்குத் திட்டமான சுருதி கிடையாது. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசிய கருஞ்சாந்து தோலின் எடையை நடுவில் கூட்டி, அந்த மேல்நாதங்களை முழு எண் மடங்குகளுக்கு அருகே கொண்டுவருகிறது. இதைக் கண்டு சொன்னவர் சி.வி.ராமன். சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார், 1934-ல் விரிவாக எழுதினார். இத்தனை நுட்பமாக அடுக்கிய நாதங்களில் ஒன்றை இயர்போன் அளவுக்கு மீறித் தூக்கினாலோ விழுங்கினாலோ காது உடனே உணரும். தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போடுங்கள். தொப்பியின் கும்கி வளைந்து ஏறுவது தெரிகிறதா, அல்லது வெறும் 'பொம்' தானா? வலந்தலையின் சாப்பில் சுருதி கேட்கிறதா, அல்லது அட்டையைத் தட்டியது போல் இருக்கிறதா? வேக நடையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி நிற்கிறதா? கடம் கேட்டால் இன்னும் நல்லது. சுட்ட மண்ணின் ஓசை நமக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம், பொய்யாக ஒலித்தால் ஏமாற மாட்டோம்.

அடுத்தது குரல். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் கிதாரோடு பாடும் பாட்டு எல்லோரிடமும் இருக்கும். கிதார் நரம்பில் விரல் படும் ஓசையும் பாடகரின் மூச்சும் ஒன்றையொன்று மறைக்காமல் கேட்க வேண்டும். ச, ஸ, ஷ வரும் இடங்களில் ஊசி குத்துவது போல் இருந்தால் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எங்கோ தேவையில்லாத மேடு இருக்கிறது. பிறகு போன் அமைப்பில் 'மோனோ ஆடியோ'வைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். குரல் நெற்றிக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு பட்ஸும் ஒன்றுக்கொன்று இணையாகப் பொருந்தவில்லை. அந்த இணையைக் கடையில் உடனே மாற்றித் தரச் சொல்லலாம். பேஸ் கொஞ்சம் கூடுதல் என்பது போன்ற குறையை ஈக்வலைசரில் சரிசெய்துவிடலாம்; கரகரப்பை அப்படி எளிதாகச் சரிசெய்ய முடியாது.

பெட்டி மேல் இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்பது எல்லாப் பெட்டியிலும் இருக்கும். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அதற்கு மதிப்பில்லை. '13 மி.மீ. டிரைவர்' என்றால் பெரிய சவ்வு. நல்ல சவ்வு என்று பொருள் இல்லை. அதிகம் ஏமாற்றுவது இ.என்.சி., ஏ.என்.சி. என்ற இரண்டு சுருக்கெழுத்துகள். ஏ.என்.சி.தான் நம் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது, அதுவும் பேருந்து எஞ்சின், மின்விசிறி போன்ற தொடர் முழக்கத்தை. இ.என்.சி. என்பது நம் மைக்கில் விழும் இரைச்சலை வடிகட்டி, மறுமுனையில் இருப்பவருக்கு நம் பேச்சைத் தெளிவாக அனுப்புவது. அதனால் நாம் கேட்கும் பாட்டுக்கு ஒரு பயனும் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவது, பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். அது பாதுகாப்புக்கான சான்று, ஒலிக்கானது அல்ல. காதுக்குள் லித்தியம் பேட்டரியை வைத்துக்கொள்கிறோம் என்பதால் அதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

மதிப்பு என்று வரும்போது பேட்டரியைத்தான் முதலில் பேச வேண்டும். ஒரு பக்கத்து பட்ஸில் இருப்பது பெரும்பாலும் 30 முதல் 50 மில்லி ஆம்பியர்-மணி. அத்தனை சிறிய பேட்டரி தினமும் நிரம்பிக் காலியாவதால் இரண்டு மூன்று ஆண்டில் தளர்ந்துவிடும். கூட்டை ஒட்டி மூடியிருப்பதால் மாற்றவும் வழியில்லை. ஆக ஆயிரத்து ஐநூறு ரூபாய் கொடுத்தால், அது ஆண்டுக்கு ஐநூறு அல்லது எழுநூற்றைம்பது ரூபாய் வாடகை. அந்தப் பணத்தில் ரேடியோ, மூன்று பேட்டரி, சார்ஜ் பெட்டி எல்லாம் போக, சவ்வுக்கும் வலைக்கும் மிஞ்சுவது கொஞ்சம்தான். கம்பி இயர்போனில் அந்தப் பங்கு முழுக்க ஒலிக்கே போகிறது. வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்பவருக்கு, அதே விலையில் கம்பி வைத்ததை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். நடையிலும் வண்டி ஓட்டாத பயணத்திலும் கம்பியில்லாதது வசதி. அந்த வசதிக்கு ஒலியில் ஒரு பங்கைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

கடைசியாக, எவ்வளவு உரக்கக் கேட்கலாம் என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு நான்கு மணிதான். விருத்தாசலம் சந்திப்பில் ஏறிச் சென்னை எழும்பூரில் இறங்குவதற்குள் அந்த நான்கு மணியின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இரைச்சல் மிக்க பெட்டியில் நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதுதான் ஆபத்து. அதனால் வீட்டில், அமைதியான அறையில், போதுமான அளவை வைத்து அது எத்தனையாவது கோடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் அதைவிட இரண்டு மூன்று கோடு ஏற்ற வேண்டியிருந்தால், ஏற்றுவதற்கு முன் ஒரு அளவு பெரிய ரப்பர் முனையைப் போட்டுப் பாருங்கள்.